சூட்டில் கரையாத உப்பு

போன மாதம் திவ்யா என் போனுக்கு நான்கு படங்கள் அனுப்பியிருந்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சீஸ் ஆலையில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். பழைய நோட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். இனிமேல் பதிவு எல்லாம் டேப்லெட்டில்தானாம். "மேடம், ஒவ்வொரு வரி முடிவுலயும் 'பா', 'கே'ன்னு போட்டிருக்குதுங்களே, அது என்னங்க? யாரோட இனிஷியலுங்களா?" என்று கேட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான்காவது படத்தை விரலால் பெரிதாக்கிப் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் படத்தில் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொன்னால் புரியாது.

நான் ஏற்காட்டுக்காரி. பெயர் ரோசலின். அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, சேலத்துக் கல்லூரியில் வேதியியல் படித்தேன். தினமும் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஏறியதில், பாதிப் பாடத்தைத் தலைசுற்றலோடுதான் கேட்டிருப்பேன். அதன்பின் சேலத்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சில வருஷம் பாட்டில் கழுவினேன். கழுவக் கழுவ வேலையும் வந்தது. மலைமேலேயே மஞ்சக்குட்டைப் பக்கம் சீஸ் ஆலை வந்தபோது, கழிவுநீர்ப் பிரிவுக்குக் கெமிஸ்ட் வேண்டும் என்றார்கள். மலையை விட்டு இறங்க வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காக ஓடிப்போய்ச் சேர்ந்தேன்.

சீஸ் ஆலைக் கழிவுநீர் பார்க்கப் பால் கழுவிய தண்ணீர் மாதிரி அப்பாவியாக இருக்கும். வாயில் பட்டால்தான் தெரியும் கரிப்பு. சீஸ் கட்டிகளை உப்புக் கரைசலில் ஊற வைக்கிறோம் அல்லவா, அந்தக் கரைசல் பழசானால் எங்கள் பக்கம்தான் வரும். கூடவே பால் திரிந்த தண்ணீர், பாத்திரமும் தரையும் கழுவிய தண்ணீர். ஆலைக்குக் கீழே ஓடை, ஓடைக்குக் கீழே காப்பியும் மிளகும். இந்தக் கரிப்பு ஒரு சொட்டு வெளியே போனாலும் ஊரே வாசலுக்கு வந்துவிடும்; வருவதும் நியாயம்தான். அதனால் கொழுப்பை எடுத்து, பாக்டீரியாத் தொட்டிகளில் விட்டு, வடிகட்டி, கடைசியில் மிஞ்சும் கெட்டியான உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் கொதிக்க வைத்து ஆவியாக்கி, உப்பை மூட்டையாகக் கட்டுவோம். எவாப்பரேட்டருக்குள் போகும் முன்னால் அந்தத் தண்ணீரை நீராவியால் சூடுபண்ணும் குழாய்க் கூட்டம் ஒன்று உண்டு. ப்ரீஹீட்டர் என்போம். உள்ளே ஓடும் தண்ணீரைப் பார்க்க அதில் ஒரு சின்னக் கண்ணாடி பதித்திருக்கும். என் கதை அந்தக் குழாய்களுக்குள்தான் அடைத்துக்கொண்டது.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர் பொன்னுரங்கம் சார். ஓமலூர்ப் பக்கம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மனிதருக்கு மட்டுமில்லை, மோட்டாருக்கும் மரியாதை கொடுப்பார். "ஏனுங்க, இன்னிக்கு என்ன கோவமுங்க?" என்று பம்பைத் தட்டிக் கேட்பார். தன் நாற்காலியில் அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சட்டைப்பையில் ஒரு சின்ன டார்ச்சும் பென்சிலும் இருக்கும். நான் சேர்ந்த முதல் வாரத்தில், மூன்றாம் தொட்டியில் நுரை அதிகம் என்று நோட்டில் எழுதினேன். படித்துவிட்டு, "இது பாத்ததுங்களா, கேட்டதுங்களா அம்மிணி?" என்றார்.

"ஆபரேட்டர் சொன்னாருங்க சார்."

"அப்பக் கேட்டதுங்க."

அவ்வளவுதான். திட்டவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். சேலை கட்டிக்கொண்டு அந்த இரும்பு ஏணியில் ஏறியபோது அவரை மனதுக்குள் என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுதினால் ஃபாதர் என்னைப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிடுவார். மேலே போய்ப் பார்த்தால் நுரை இரண்டாம் தொட்டியில். இறங்கி வந்ததும் என் வரியை அவர் அடிக்கவில்லை. அதன் ஓரத்தில் பென்சிலால் 'கே' என்று எழுதினார். கீழே என்னை இன்னொரு வரி எழுதச் சொல்லி, அதற்கு 'பா' போட்டார். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் அதுதான் சட்டம். கண்ணால் பார்த்ததற்குப் பா. காதால் கேட்டதற்குக் கே. திவ்யா கண்ணு, உன் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

எவாப்பரேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர் சடையப்பன் அண்ணன். செம்மநத்தம் என்ற மலைக் கிராமத்துக்காரர். ஒல்லியான ஆள், பேச்சு குறைவு, கையெழுத்து மட்டும் குண்டு குண்டாக அழகாக இருக்கும். அப்போது அவர் தற்காலிகம். அவர் வீட்டில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான். நிரந்தரம் ஆகிவிட்டால் மகளைக் கீழே கல்லூரிக்கு அனுப்பலாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

எங்கள் ஆலையில் வெள்ளையாக எது ஒட்டியிருந்தாலும் அதற்குப் பெயர் உப்பு. பனிக்காலக் காலைகளில், சீஸ் ஊறும் தொட்டியிலிருந்து வரும் குழாயின் வால்வில் சாப்பாட்டு உப்பு கட்டிக்கொண்டு திருக முடியாமல் நிற்கும். "மேடம், உப்பு புடிச்சிருச்சுங்க" என்பார்கள். "வெந்நி ஊத்துங்க" என்பேன். ஊற்றினால் கரைந்து வால்வு சுற்றும். இப்படி எத்தனை பனிக்காலம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்லிச் சொல்லி, உப்பு என்ற சொல் காதில் விழுந்தால் வெந்நீர் என்று வாய் தானாகச் சொல்லப் பழகிவிட்டது. நான் படித்த வேதியியல் எல்லாம் அந்த நேரத்தில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு வருஷம் முன்பு ஒரு கோடை. ஆலைக்குத் தண்ணீர் தரும் ஊற்று நூலாக இளைத்துவிட்டது. அடிவாரத்திலிருந்து லாரியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஏற்றி வந்தோம். மலைத் தண்ணீரில் சோப்புப் போட்டால் பொங்கும். லாரித் தண்ணீரில் திரிதிரியாகப் போகும். அவ்வளவு கடினம். சேர்வராயன் கோயில் திருவிழாவும் அதே வாரம். பொன்னுரங்கம் சார் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். மலைக்காரர்கள் எல்லாம் கோயிலுக்குப் போக, சடையப்பன் அண்ணன் மட்டும், "நான் இருந்துக்கறனுங்க" என்று லீவு போடாமல் நின்றார். எவாப்பரேட்டர் நின்றால் சீஸ் நிற்கும், சீஸ் நின்றால் பால் வாங்குவது நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை பிற்பகல். திருவிழாக் கூட்டத்தில் பஸ் ஓடுமோ ஓடாதோ என்று நான் ஆலை வாசலில் ஊர் ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டேன். சடையப்பன் அண்ணன் ஓடி வந்தார்.

"மேடம், உப்பு படியுதுங்க. என்ன பண்ணட்டுங்க?"

"உப்புதானுங்கண்ணா? சூட்டைக் கூட்டி வையுங்க, கரைஞ்சிரும்."

எங்கே படிகிறது என்று நான் கேட்கவில்லை. போய்ப் பார்க்கவும் இல்லை. ஜீப் கிளம்பிவிட்டது.

அவர் சொன்னது வால்வை அல்ல, ப்ரீஹீட்டரை. திருவிழா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை காலை நான் வந்தபோது குழாய்கள் அடைத்து, எவாப்பரேட்டர் நின்று, தொட்டிகள் விளிம்பு வரை நிரம்பியிருந்தன. சீஸ் பிரிவு நின்றது. பால் கேன்களோடு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். நல்லவேளை, ஓடைக்கு ஒரு சொட்டும் போகவில்லை. மதியத்துக்குள் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து இறங்கினார். நோட்டைத் திறந்தார். சனிக்கிழமைப் பக்கத்தில், குண்டுக் கையெழுத்தில், 'ப்ரீஹீட்டர் சூடு 70லிருந்து 85க்குக் கூட்டப்பட்டது. கே' என்று இருந்தது. கடைசி எழுத்து அவருக்குப் புரியவில்லை. என்ன என்று கேட்கவும் இல்லை. "ஆபரேட்டர் தன்னிஷ்டத்துக்குச் சூட்டை ஏத்தியிருக்கான். நாளையிலிருந்து வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார். சடையப்பன் அண்ணனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாளைக்குக் காலை ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் மட்டும் அனுப்பினார்கள்.

பொன்னுரங்கம் சார் தகவல் கேட்டு அன்றே பஸ் ஏறி வந்துவிட்டார். வந்ததும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. "முதல்ல அது யாருன்னு தெரிஞ்சுக்கலாமுங்க" என்றார். குழாயில் படிந்ததைத்தான் யார் என்றார். ஒரு குழாயைக் கழற்றி, உள்ளே இருந்ததைச் சுரண்டி என் கையில் கொடுத்தார். முட்டை ஓட்டைவிடக் கொஞ்சம் தடிப்பு. விரலில் தேய்த்தால் கரையவில்லை. கொதிக்கும் தண்ணீரில் போட்டேன், அசையாமல் கிடந்தது.

பொடித்து, கண்ணாடித் தட்டில் வைத்து, நீர்த்த அமிலம் சில சொட்டு விட்டேன். சுண்ணாம்பாக இருந்தால் சுர்ரென்று நுரைக்கும். நுரைக்கவில்லை. ஜிப்சமாக இருந்தால் லேசில் கரையாமல் அப்படியே கிடக்கும். இது சத்தமில்லாமல் கரைந்தது. கரைந்ததைச் சோதனைக் குழாயில் எடுத்து, நைட்ரிக் அமிலமும் மாலிப்டேட் கரைசலும் சேர்த்து, வெந்நீரில் நிறுத்தி வைத்தேன். சார் பக்கத்தில் நின்றார். சில நிமிஷத்தில் குழாயின் அடியில் மஞ்சள் இறங்கியது. பாஸ்பேட். பாலில் இருந்த பாஸ்பேட், லாரித் தண்ணீரில் வந்த கால்சியத்தோடு சேர்ந்து குழாயில் உட்கார்ந்திருக்கிறது. அந்த உப்புக்குப் புளிப்புப் பட்டால் கரையும் குணம். சூடு பட்டால் படியும் குணம். கரைக்கிறேன் என்று நான் சொன்ன சூடுதான் அதைப் படிய வைத்தது.

"எங்க ஊட்டு ஹீட்டர் ராடைப் பாத்தாலே தெரியுமுங்க அம்மிணி" என்றார் சார். "வாளித் தண்ணியில ராடு போட்டா, ராடு மேலதான் வெள்ளை கட்டும். சூடு எங்கயோ, கல்லு அங்க."

மலைக்குக் கீழே எல்லார் வீட்டிலும் பார்க்கிற விஷயம். எங்கள் வீட்டு ராடு இன்றைக்கும் பளபளப்பாகத்தான் இருக்கிறது. ஏற்காட்டு ஊற்றுத் தண்ணீரில் எதுவும் கட்டாது. சூடு பட்டு உப்பு படிவதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் கண்டதில்லை. பரீட்சையில் இதைக் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். ஜீப்பில் ஒரு காலை வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டதால் தோற்றேன்.

சார் நோட்டை விரித்து என் முன்னால் வைத்தார். பென்சில் முனை அந்த எழுத்தின் மேல் நின்றது. "இந்தக் 'கே'க்கு ஒரு ஆள் இருக்கணுமுங்களே."

அந்த மாதக் கடைசியில் என் ஒப்பந்தமும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. "யாருன்னு தெரியலைங்க சார்" என்றேன். சொன்ன உடனேயே முகம் சூடானது. அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "சரிங்க. ரிப்போர்ட் எழுதிருங்க. மூணாவது பத்தியை மட்டும் காலியா வுட்டு வையுங்க. காலையில நெரப்பிக்கலாம்" என்று சொல்லிவிட்டு ப்ரீஹீட்டர் பக்கம் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஜீப்பில் இடமில்லை. உள்ளே இருந்த சடையப்பன் அண்ணன் எழுந்து, "ஒக்காருங்க மேடம்" என்று தன் இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் தொற்றிக்கொண்டார். செம்மநத்தம் பிரிவில் இறங்கும்போது என்னிடம் குனிந்து, கொஞ்சம் வெட்கத்தோடு, "நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க மேடம். திருவிழாவுக்குக்கூடப் போவாம நின்னேனுங்களே, பெர்மனென்ட் பண்றாங்களோ என்னமோ. பாப்பாகிட்ட இன்னும் சொல்லலீங்க" என்றார்.

நான் ஏதோ தலையாட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நாளைக் காலை வருவார் என்ற நினைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் மூன்றாவது பத்தியை நிரப்பினேன். 'சூட்டைக் கூட்டச் சொன்னது நான். எங்கே படிகிறது என்று பார்க்காமல் சொன்னேன். ஆபரேட்டர் நான் சொன்னதைச் செய்தார். கேட்டது என்று முறையாகப் பதிவும் செய்தார்.' ஓர் இடத்தில் மை கொட்டிவிட்டது. பொன்னுரங்கம் சார் நின்றபடியே படித்தார். பென்சிலைப் பைக்குள் வைத்துவிட்டு, என் பேனாவை வாங்கி, அதற்குக் கீழே தன் கையால் எழுதினார்: 'வெள்ளையாக இருப்பதை எல்லாம் உப்பு என்று எழுத இத்தனை காலம் அனுமதித்தது நான்.' கையெழுத்துப் போட்டார். "இப்ப முடிஞ்சுதுங்க" என்றார்.

அதிகாரி அதைப் படித்த பின் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துப் பொரிந்து தள்ளினார். வாங்கிக்கொண்டோம். சார் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அசையவில்லை. "கேட்டதை எழுதி வெச்ச ஆளை அனுப்பினா, நாளைக்கு எவரும் எழுத மாட்டாங்களுங்க" என்றார், அதே தணிந்த குரலில். கடைசியில் இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம். என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். சார் பேசியிருப்பார், எனக்குச் சொல்லவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்த சடையப்பன் அண்ணனிடம், "குழாய் கழுவோணும், வேற சட்டை இருக்குதுங்களா?" என்றார் சார். ஆபீசில் வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவர் நிரந்தரம் ஆனார். பாப்பா சேலத்தில் நர்சிங் படித்தாள்.

நீர்த்த நைட்ரிக் அமிலத்தை மெதுவாகச் சுற்றவிட்டு இரண்டு நாளில் குழாய்களை மீட்டோம். அன்றிலிருந்து நோட்டில் உப்பு என்று மொட்டையாக எழுதத் தடை. சாப்பாட்டு உப்பு என்றால் கறியுப்பு. ப்ரீஹீட்டரில் படிவது பால்கல். லாரித் தண்ணீர் வந்தால் கூடுதல் அமிலம், குறைந்த சூடு. அந்த ரிப்போர்ட் பிறகு பயிற்சிப் பாடமாகவே ஆனது. 'சூட்டில் பால்கல் படிவதைக் கண்டறிந்தவர்: ரோசலின்' என்று அதன் தலைப்பில் அச்சடித்தார்கள். ஓய்வு பெறும் நாளில் மேடையில் அதையே சொல்லி மாலை போட்டார்கள். தப்புச் செய்தவளுக்கே கண்டுபிடித்த பெருமையும் வந்ததே என்று நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். வாங்கவும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது நான்காவது படம். அது எங்கள் நோட்டு இல்லை. பாய்லர் அறைப் பதிவேடு. அந்தத் திருவிழா ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டியிருந்ததால், எங்கள் நோட்டு உள்ளே மாட்டிக்கொண்டது. கையில் கிடைத்த பதிவேட்டில், நீராவிக் கணக்குக்குக் கீழே, அதே குண்டுக் கையெழுத்து: 'சூடு கூட்டக் கூட்டக் கண்ணாடியில் வெள்ளை அதிகமாகிறது. குறைத்தால் நிற்கிறது. பா.'

நான் மஞ்சள் நிறத்தைப் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்னால்.

மறுநாளே செம்மநத்தம் ஜீப்பில் ஏறினேன். சடையப்பன் அண்ணனுக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. அன்று வார விடுமுறை. "வாங்க மேடம், ஊடு தேடி வந்திருக்கீங்க!" என்று நாற்காலியைத் துண்டால் துடைத்தார். காப்பி வந்தது. போனில் படத்தைக் காட்டினேன்.

"அட, நம்ம எழுத்துங்க" என்று சிரித்தார். "ஆமாங்க. ரெண்டு மணி நேரம் கொறைச்சுப் பாத்தனுங்க. வெள்ளை நின்னுச்சு. அப்புறம் மறுபடி கூட்டிட்டேன்."

"ஏனுங்கண்ணா கூட்டுனீங்க? பாத்துட்டீங்களே!"

"நீங்க சொல்லியிருக்கீங்களே மேடம். படிச்சவங்க. நாம்ப பாத்ததுல ஏதோ தப்பு இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமுங்களே. பன்னெண்டு வருஷமாச்சே" என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அதான் எழுதி வெச்சிருக்கேனுங்களே" என்றார். "யாராச்சும் படிப்பாங்கன்னு."

கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தான் வலித்தது. பார்க்கவும் எழுதவும் சொல்லிக்கொடுத்தோம். எழுதியதைப் போய்ப் படிக்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, பொன்னுரங்கம் சார் உட்பட. அவர் இன்று இருந்திருந்தால் டார்ச்சோடு முன்னால் நடந்திருப்பார். நானும் ஏணியில் ஏறியிருப்பேன், இந்த முறை திட்டாமல்.

திரும்பும்போது ஜீப்பிலிருந்தே திவ்யாவுக்கு எழுதினேன். டேப்லெட்டில் பா, கே இரண்டுக்கும் ஒரு கட்டம் வை கண்ணு. அதோடு அந்தப் பாடத்தின் தலைப்பைத் திருத்து. சூட்டில் பால்கல் படிவதைக் கண்டறிந்தவர்: சடையப்பன், ஆபரேட்டர், திருவிழா ஞாயிற்றுக்கிழமை. யார் சொன்னது என்று மேலிடத்தில் கேட்டால், ரோசலின் படித்தாள் என்று சொல். பக்கத்தில் மறக்காமல் 'பா' போடு.